மிச்சம் பத்து எங்க போச்சி?

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தப்பாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்லுவோம். கரும்பலகையில் எழுதிவிட்டால் அது சரியாகிவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அடியில் கோடும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படி ஒரு பெரும் தப்பை எழுதி, அதற்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டேன். அதை அழிக்க டஸ்டர் போதவில்லை. கடற்கரை வரைக்கும் போகவேண்டியதாயிற்று.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பாவுக்குப் பலசரக்கு மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஊர் மாறினாலும் அப்பாவின் பேச்சு மாறவில்லை. நான் வேலைக்குப் போவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை.

"ஏட்டி, நம்ம கல்லாவுல இருந்து கணக்குப் பாத்தா ஆகாதா? ஊரான் பிள்ளைக்குத்தான் சொல்லிக் குடுக்கணுமோ?" என்று தினமும் இட்லியோடு இதையும் பரிமாறுவார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த வருஷத்துக்குள் வேலை நிரந்தரமானால் அவர் வாயைத் திறக்கக்கூடாது. ஆகவில்லையென்றால் நான் வாயைத் திறக்காமல் கல்லாவில் உட்கார வேண்டும். (கல்லாவுக்குப் பின்னாலேயே ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். ஊரில் உப்பு வியாபாரம். அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது, உப்பு நல்ல உப்பாம்.)

நிரந்தரம் ஆவதும் ஆகாததும் தலைமை ஆசிரியையின் கையில் இருந்தது. அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரைப் 'பெரிய டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு நாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார், பார்த்துவிட்டு நிர்வாகியிடம் சொல்லுவார், அவ்வளவுதான் விஷயம். அந்த நாளுக்கு எனக்கு வாய்த்த பாடம் நிகழ்தகவு. ஒன்பதாம் வகுப்பு.

ஆஹா, நான் தயாரான அழகைக் கேளுங்கள். தம்பியின் லூடோ டப்பாவிலிருந்து பகடையைச் சுட்டாயிற்று. கடையிலிருந்து சிவப்பு மிட்டாயும் பச்சை மிட்டாயும் எடுத்துத் துணிப்பையில் கலந்தாயிற்று. கண்ணாடி முன்னால் நின்று, "மாணவச் செல்வங்களே, இந்தப் பையில் என்ன வரும் என்று யாரால் சொல்ல முடியும்?" என்று புருவத்தைத் தூக்கிப் பேசியும் பார்த்தாயிற்று. அம்மா எட்டிப் பார்த்து, ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவரை மனதாரத் திட்டிக்கொண்டு, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினேன். வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றபோதுதான் கை லேசாக இருப்பது தெரிந்தது. பகடையும் மிட்டாயும் பஸ்ஸோடு போய்விட்டன. பெரிய டீச்சர் ஏற்கெனவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைப்பையைத் துழாவியதில் ஒரே ஒரு ரூபாய்க் காசு கிடைத்தது.

போகட்டும், காசு இருந்தால் போதாதா? தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இதைச் சுண்டினால் பூ விழும், இல்லையென்றால் தலை விழும். மூன்றாவதாக ஒன்று நடக்க வழியே இல்லை."

சொல்லிவிட்டுச் சுண்டினேன். பிடிக்கத்தான் வரவில்லை. காசு மேசையில் மோதி, கீழே விழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே உருண்டு போய், சிமெண்டுத் தரையில் இருந்த ஒரு விரிசலில் சொருகிக்கொண்டு நின்றது. பூவும் இல்லை, தலையும் இல்லை. மொத்த வகுப்பும் எழுந்து எட்டிப் பார்த்தது.

"டீச்சர், நட்டுக்கினு நிக்குது," என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவன் மிகுந்த மரியாதையோடு, இதுக்கு எவ்ளோ டீச்சர் போடணும் என்று கேட்டான். பெரிய டீச்சரும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரிசலைப் பார்த்தார்.

எனக்குக் கல்லா கண்ணுக்குத் தெரிந்தது. உப்பு தெரிந்தது. அந்த நேரத்தில்தானா பி.எட். வகுப்பில் சொன்னது ஞாபகத்துக்கு வரவேண்டும்? உதாரணத்தை மாணவரின் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பைப் பார்த்தேன். விம்கோ நகர் பிள்ளைகள் கொஞ்சம், லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம், மற்றவர்கள் எல்லாம் கரையோரக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். லாரியை உதாரணமாக எடுத்திருக்கலாம். பஸ்ஸை எடுத்திருக்கலாம். என் புத்தி நேராகக் கடலுக்குப் போனது.

"கடலுக்கு ஒரு படகு போகிறது. ஒன்று, திரும்பி வரும். அல்லது, வராது. ஆக மொத்த வாய்ப்புகள் இரண்டு. திரும்பி வருவது அதில் ஒன்று. அப்படியானால் படகு திரும்பி வருவதற்கான நிகழ்தகவு என்ன?" என்று கேட்டு, நானே 'இரண்டில் ஒன்று' என்று பெரிதாக எழுதி இரட்டைக் கோடு போட்டேன்.

வகுப்பு அப்படியே அமைதியானது. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் அமைதியைப் பார்த்ததே இல்லை. ஆகா, புரிந்துவிட்டது, என்று எனக்குள் ஒரு பெருமிதம். (பாருங்கள், எவ்வளவு பெரிய மண்டு நான்!)

முதல் பெஞ்சில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். பவானி என்று பெயர். அதிகம் பேசாத பெண்.

"டீச்சர், எங்க நைனா இதுவரைக்கும் போன வாட்டி எல்லாம் வந்துட்டாரே. அது எப்பிடி?"

நல்ல டீச்சராக இருந்தால் அந்தக் கேள்விக்கு அவளைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். எதற்கும் இரண்டே வழிதான் என்பதால் இரண்டும் சமமாகிவிடாது என்கிற மொத்தப் பாடமும் அந்தக் கேள்வியில் இருந்தது. என் கண் முழுக்கக் கடைசி பெஞ்சில் இருந்தது. மிடுக்காக ஒரு பதில் சொன்னேன்.

"அது வேற, இது கணக்கு. உட்காரு."

உட்கார்ந்தாள். முகம் வாடிப்போனது தெரிந்தது. பாவம், கணக்கு வராது போல என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து போகும்போது பெரிய டீச்சர், உள்ளூர் உதாரணம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மாத்தூரிலிருந்து வருகிறவர். கடலுக்கும் அவருக்கும் என் அளவுக்குத்தான் பழக்கம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "வேற ஆளைக் கல்லாவுக்குப் பாருங்க," என்று வேறு சொல்லிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் பவானியின் அம்மா தேசம்மா. தேரடிப் பக்கம் மீன் விற்கிறவர். வியாபார நேரத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று வாட்ச்மேன் என் காதில் சொன்னார். என்னைப் பெரிய டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். பவானியின் அப்பா ஏழுமலை, நான் பாடம் நடத்திய அன்றைக்கு விடியும் முன்னே ஃபைபர் படகில் போனவர். ஒரு ராத்திரி தங்கி மீன் பிடித்துவிட்டு விடிந்ததும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் போகவில்லை. பவானி முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதற்கு, நைனா வருவது பாதிதான் என்று டீச்சர் போர்டில் எழுதினார்கள் என்று சொல்லி அழுதிருக்கிறாள். அன்று காலை படகும் வரவில்லை என்றதும் குப்பம் முழுக்க என் கணக்கு பரவிவிட்டது.

பெரிய டீச்சர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அது சும்மா பாடத்துக்காகச் சொன்னது, வெறும் கணக்கு என்று விளக்கினார். தேசம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதாம்மா கேக்கறேன். கணக்கு போட எம்புருசன்தான் கெடச்சானா?"

நான் உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லவில்லை, பொதுவாகப் படகு என்றுதான் சொன்னேன் என்று இழுத்தேன்.

"பொதுவா ஏதும்மா போட்டு? ஒவ்வொரு போட்டுலயும் ஒரு வூட்டு ஆளு கீது."

பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிர்வாகி திங்கட்கிழமை வருகிறார், அதற்குள் இவர்களைச் சமாதானப்படுத்து, முடியாவிட்டால் திங்கட்கிழமை நீ வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று வெளியே வந்து கையைக் கூப்பினேன். அவர்களுக்கு மன்னிப்பு வேண்டாமாம். சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டும், அதுவும் கடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். சாயங்காலம் பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கரையில் கொட்டியிருந்த பாறைகளைத் தாண்டிப் படகு ஏற்றும் சின்ன மணல்திட்டு. வடக்கே தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தேடப் போன படகுகளும் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். பவானி தண்ணீருக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்," என்றாள். அந்த நேரத்திலும் விடாத பழக்கம்! எனக்கு அங்கேயே ஓவென்று அழவேண்டும் போல இருந்தது.

ஒரு பாட்டம்மா கல்லுப்பும் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றிக் கடலில் போட்டார். முடிந்ததும் பழக்க தோஷத்தில், "ஆமென்," என்றேன். நாங்கள் வேதக்காரக் குடும்பம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "தாவலை, அதுவும் கெடக்கட்டும்," என்றார் அந்தம்மா. பிறகு தேசம்மா என் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பி, சொல்லும்மா என்றார்.

வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்து நின்றது. தெரியாத ஒன்றை நிச்சயம் என்று எப்படிச் சொல்வது? நேற்றுத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவள் இன்றாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "வருவதற்கு அதிக வாய்ப்பு இருக்கிறது," என்றேன்.

"இன்னாது வாய்ப்பு? ஒயுங்கா சொல்லு."

"தொண்ணூறு சதவீதம் வந்துடுவார்."

தேசம்மா என்னைப் பார்த்தார். "மிச்சம் பத்து எங்க போச்சி?"

"சரி, தொண்ணூத்தஞ்சு."

"அஞ்சு?"

நான் மேலே மேலே ஏறினேன். தேரடியில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். சுற்றி நின்ற பெண்கள், இன்னும் கொஞ்சம் ஏத்து டீச்சர் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து, "தொண்ணூத்தொம்பது," என்றேன். அதற்கு மேல் போக எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

தேசம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "அந்த ஒண்ண யாருக்கும்மா வெச்சிக்கினு கீற?"

திரும்பிப் பார்த்தேன். பவானி கடலைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போர்டில் எழுதியதை அப்படியே நம்பிய பெண். இப்போது சொல்லப்போவதையும் நம்பத்தான் நிற்கிறாள். போய்த் தொலையட்டும் என் கணக்கு என்று தோன்றியது. கடலைப் பார்த்து, என் வகுப்புக் குரலில், "வந்துடுவாரு பவானி. உங்க நைனா வந்துடுவாரு," என்று கத்தினேன். சொல்லிவிட்டு நானும் அழுதேன், தேசம்மாவும் அழுதார். அவர் முந்தானையிலேயே என் மூக்கையும் துடைத்துவிட்டார். மீன் வாசனை என்றால் முகம் சுளிக்கிறவள் நான். அன்றைக்கு அது தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. என்னைப் போகச் சொன்னார்கள். எனக்குக் கால் வரவில்லை. சொன்ன வாய் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று பாட்டம்மாவும் சொல்லிவிட்டார். யாரோ டீ வாங்கிக்கொடுத்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் புகைபோக்கிகள் பக்கமிருந்து இரண்டு புள்ளிகள் தெரிந்தன. பவானிதான் முதலில் படகின் மூக்கில் இருந்த மஞ்சள் பட்டையைக் கண்டுபிடித்தாள். சீருடையோடு தண்ணீருக்குள் ஓடினாள்.

மோட்டார் மக்கர் பண்ணிவிட்டதாம். தேடப் போன படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஏழுமலை ஒல்லியான ஆள். இறங்கியதும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, இன்னா இவ்ளோ கூட்டம் என்று கேட்டார். தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பாறையில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி நடந்ததைச் சொன்னார். நீ வருவது பாதிதான் என்று சொன்ன டீச்சர் இவர்தான் என்றார். நான் அந்தப் பாறைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றையும் இழுத்து வந்த படகுக்காரரையும் காட்டினார்.

"பாதி தூரம் நானா வந்தேன் டீச்சர். மீதி இவன் இஸ்துகினு வந்தான். உன் கணக்கு சரியாதான் கீது."

கரை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். என்னைத் திட்ட எல்லா உரிமையும் இருந்தவர்கள், சிரித்து என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். போகும்போது ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் என்னைச் சுற்றி ஒருவரும் உட்காரவில்லை. வீட்டில் அப்பா மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் சம்பளமாட்டி?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பவானியை எழுப்பி, அவள் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னேன். அவளுடைய நைனா போன தடவை எல்லாம் வந்திருக்கிறார். அப்படி நடந்ததை வைத்துப் பார்ப்பதும் நிகழ்தகவுதான் என்று போர்டில் எழுதினேன். அந்த விஷயம் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. (நான் முந்தின பக்கம் வரைக்கும்தான் தயாரித்திருந்தேன். எல்லாம் கண்ணாடி முன்னால் புருவத்தைத் தூக்கிய நேரம்.) போன வியாழக்கிழமை நான் எழுதியது தப்பு என்று வகுப்புக்கு முன்னால் சொன்னபோது, பெரிய டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் தேசம்மா நிர்வாகியின் அறையில் உட்கார்ந்திருந்தாராம். புகார் சொல்லப் போயிருக்கிறார் என்று எல்லோரும் நடுங்கியிருக்கிறார்கள். அவர் போனது, அந்த டீச்சரை மாற்றிவிடாதீர்கள், சொன்னால் நடக்கிறது என்று சிபாரிசு செய்வதற்கு. வேலை நிரந்தரமானது. கூடவே ஒரு புது உத்தியோகமும் சேர்ந்துகொண்டது. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் வரிசையாக வந்து, டீச்சர், பாஸுன்னு சொல்லு என்று நிற்பார்கள். நிகழ்தகவு நடத்துகிறவளிடம்! நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இது நடந்து பல வருஷம் கழித்து அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். டாக்டர் நல்ல மனிதர். உட்காரவைத்துப் பொறுமையாக, எண்பத்தைந்து சதவீதம் நல்லபடியாக வந்துவிடுவார் என்று சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பதினைந்து என்னை எழுந்திருக்க விடவில்லை. அப்போது தேசம்மா வந்தார், கடையிலிருந்து அப்படியே. பின்னாலேயே பவானி. அவள் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று தேசம்மா கேட்டார். சொன்னேன். மிச்சத்தைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. ஐஸில் ஊறிச் சில்லிட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுவாரு," என்றார்.

"இல்லம்மா, டாக்டர் எண்பத்தஞ்சுதான்..."

"அது கணக்கு டீச்சர்," என்றார் தேசம்மா. "இது வேற."

அப்பா வந்துவிட்டார். இப்போது வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்காமல் கடைக்கு இறங்கிவிடுகிறார். அண்ணாச்சி, இந்தப் பருப்பு வேகுமா என்று யாராவது கேட்டால், "வெந்துரும். மிச்சமே கிடையாது," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார். தினமும் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கல்லாவிலிருந்து ஒரு குரல் வரும், சாயங்காலம் வந்துருவியாட்டி என்று. வந்துருவேன்ப்பா என்பேன். அவர் விடமாட்டார்.

"எத்தன சதவீதம்?"

முழுசாப்பா, என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.